ராடார் காசில் வாங்கிய பாடநூல்

2012ஆம் ஆண்டு தான்சானியாவின் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாடநூல்களும் மேசைகளும் வாங்கப் பெருந்தொகை ஒன்று வந்தது. கொடுத்தது பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆயுத நிறுவனம். அதற்குத் திடீரென்று கல்வித் தொண்டில் ஆர்வம் வந்துவிடவில்லை. ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ளக் கொடுத்த பணம் அது. 2.95 கோடி பவுண்டு.

கதை 2001இல் தொடங்குகிறது. அந்த நிறுவனம் தான்சானிய அரசுக்கு ஒரு ராடார் விற்றது. விலை 2.8 கோடி பவுண்டு. நாட்டின் விமானப் படை விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விலை அதிகம், பயணிகள் விமானப் போக்குவரத்துக்கும் இது பொருந்தாது என்று உலக வங்கி தரப்பில் எச்சரித்தார்கள். பிரிட்டனிலேயே அயல்நாட்டு உதவித் துறையின் அமைச்சர் கிளேர் ஷார்ட் எதிர்த்தார். நிதியமைச்சர் கோர்டன் பிரவுனும் எதிர்த்தார். பிரதமர் டோனி பிளேர் பக்கம் கை ஓங்கியது. நவம்பர் 2001இல் மிகக் கடன்பட்ட ஏழை நாடுகளுக்கான திட்டத்தின் கீழ் தான்சானியாவின் கடன் தள்ளுபடி உறுதியானது. மிச்சமாகும் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. டிசம்பரில் ராடார் ஏற்றுமதிக்கு உரிமம் கிடைத்தது. ராடாருக்குப் பணம் ஒரு பிரிட்டிஷ் வங்கி தந்த புதுக் கடன்.

இடையில் நின்ற தரகருக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் போனது பின்னால் தெரியவந்தது. 2010 டிசம்பரில் லண்டன் நீதிமன்றத்தில் நிறுவனம் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கணக்கு வழக்கைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை. அபராதம் ஐந்து லட்சம் பவுண்டு. தான்சானிய மக்களின் நலனுக்காகத் தருவதாகச் சொன்ன 2.95 கோடி தனி. அதையும் தன் சொந்தக் குழு மூலம்தான் பங்கிடுவேன் என்று நிறுவனம் இழுத்தடித்தபோது, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கடிந்துகொண்டது. அதன் பிறகுதான் பணம் அசைந்தது.

ஒரு குழந்தையின் கைக்கு ஒரு கணக்குப் புத்தகம் வந்து சேர்ந்த வழி இது. ராடாராகப் போன பணம் பதினோரு வருடம் கழித்துப் புத்தகமாகத் திரும்பி வந்திருக்கிறது. நடுவில் அந்தப் பதினோரு வருடம் பள்ளிக்குப் போய் வந்த பிள்ளைகளுக்கு எதுவும் திரும்பவில்லை. பணம் கொடுப்பவனுக்கு எண்ணிக் காட்ட முடிகிற பொருளாக, நின்று படம் எடுத்துக்கொள்ள முடிகிற பொருளாகத்தான் அது வந்தது என்பதையும் கவனிக்கலாம். மேசை, புத்தகம்.

உதவி தரும் வெளிநாட்டவரைச் சுவாஹிலியில் 'வஃபாதிலி' என்கிறார்கள். தயவு, அருள் என்ற பொருள் கொண்ட அரபிச் சொல்லிலிருந்து பிறந்தது. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் 'ஃபளல்' என்று புழங்குகிறதே, அதே வேர். புத்தகத்துக்கு 'கிடாபு', ஆசிரியருக்கு 'முவாலிமு', இரண்டும் அரபி. பள்ளிக்கூடம் 'ஷூலே', அது ஆங்கிலேயருக்கு முன் ஆண்ட ஜெர்மானியர் விட்டுப்போனது. வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல் வாங்கித் தன் சொல்லாக்கிக்கொண்ட மொழி சுவாஹிலி. இதை இங்கே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

முவாலிமு என்றாலே அந்த நாட்டில் ஒருவரைத்தான் குறிக்கும். ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்து அதிபரானவர். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்து 1963இல் வெளியிட்டவர். அது வெளிவந்தபோது அவர் அதிபர். 1965இல் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டபோது, பிரிட்டன் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று உறவை முறித்தார். வரவிருந்த 75 லட்சம் பவுண்டு கடனுதவி நின்றுபோனது. போகட்டும் என்றார். 1967 பிப்ரவரியில் அருஷா பிரகடனம் வந்தது. காசை வைத்து வளர்ச்சி காண நினைப்பது ஏழை தன் கையில் இல்லாத ஆயுதத்தை நம்பிப் போருக்குப் போவது, கொடையும் கடனும் சுதந்திரத்தைக் கரைக்கும் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே தற்சார்புக் கல்வி பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. தொடக்கப் பள்ளி மேல்படிப்புக்கான படிக்கட்டாக மட்டும் இருக்கக் கூடாது. கிராமத்தில் வாழப்போகும் பிள்ளைக்கு அதுவே முழுமையான கல்வியாக அமைய வேண்டும் என்றார். பள்ளிக்கு வயல், வயலில் பிள்ளைகள். சில இடங்களில் பிள்ளைகளின் உழைப்பு வாத்தியார் வீட்டு வேலைக்கும் போயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், உதவி வேண்டாம் என்று முகம் திருப்பியவரின் வாசலில்தான் உதவி வந்து குவிந்தது. சுவீடனும் மற்ற நார்டிக் நாடுகளும் தான்சானியாவைத் தத்துப்பிள்ளை போலப் பார்த்துக்கொண்டன. முதியோர் கல்விக்கு, கிராமக் கல்லூரிகளுக்கு, எல்லாவற்றுக்கும் அங்கிருந்து பணம் வந்தது. 1974இல் முசோமாவில் கூடிய ஆளும் கட்சி, எல்லாக் குழந்தைகளையும் பள்ளியில் சேர்க்கும் இலக்கை 1989இலிருந்து 1977க்கு இழுத்தது. பதினைந்து வருட வேலையை மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும். ஆசிரியருக்கு எங்கே போவது? ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளைகளையே வகுப்பில் நிறுத்தி, பாதி நேரம் பயிற்சியும் பாதி நேரம் பாடமுமாக ஆசிரியராக்கினார்கள். தரம் போய்விட்டது என்று அப்போதே சொன்னார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருந்தார்கள். அன்றைய ஆப்பிரிக்காவில் இது சாதாரணக் காரியமல்ல.

பிறகு உகாண்டாப் போர், எண்ணெய் விலை ஏற்றம், காப்பி விலைச் சரிவு. 1985இல் நைரேரே பதவி விலகினார். 1986இல் அடுத்த அதிபர் பன்னாட்டு நிதியத்துடன் கையெழுத்திட்டார். 'செலவைப் பகிர்ந்துகொள்ளுதல்' என்ற பெயரில் பள்ளிக் கட்டணம் திரும்பி வந்து நிலைத்தது. கட்டணம் தவிர 'மிச்சாங்கோ' என்ற பங்களிப்புகள்: மேசைக்கு, கூரைக்கு, தேர்வுத் தாளுக்கு. நம் பள்ளிகளில் பி.டி.ஏ. நிதி என்று ரசீது கிழிப்பார்களே, அந்த வகை.

இறப்பதற்குச் சற்று முன் ஒரு பேட்டியில் நைரேரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். வாஷிங்டனில் உலக வங்கியினர் அவரிடம், நீங்கள் எப்படித் தோற்றீர்கள் என்று கேட்டார்களாம். ஆங்கிலேயர் 43 ஆண்டு ஆண்டுவிட்டுப் போனபோது நாட்டில் பயிற்சி பெற்ற பொறியாளர் இரண்டு பேர், மருத்துவர் பன்னிரண்டு பேர். நான் இறங்கும்போது எழுத்தறிவு 91 விழுக்காடு, ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் என்று பதில் சொல்லிவிட்டு, அவர் திருப்பிக் கேட்டார். கடந்த பத்து வருடம் நீங்கள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம். பள்ளிச் சேர்க்கை 63 விழுக்காடாக விழுந்துவிட்டது. என்ன தவறு நடந்தது? அவர்கள் தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்கிறார். அந்த 91 அரசாங்கக் கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். 63 அப்படியல்ல.

2001இல் கட்டணம் ஒழிக்கப்பட்டது. பிள்ளைகள் வெள்ளம்போல் வந்தார்கள். 2000இல் சுமார் 44 லட்சமாக இருந்த தொடக்கப் பள்ளி மாணவர் எண்ணிக்கை 2006இல் 80 லட்சத்தை நெருங்கியது. இந்தச் சீர்திருத்தத்துக்கு உலக வங்கி 15 கோடி டாலர் கடன் தந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் பெற்றோரும் செலவில் பங்கெடுக்கட்டும் என்று அறிவுரை சொன்ன அதே வங்கி. இடையில் 2000இல், தொடக்கக் கல்விக்குக் கட்டணம் கேட்கும் கடன்களை எதிர்த்து வாக்களிக்கும்படி வங்கியிலுள்ள அமெரிக்கப் பிரதிநிதிக்கு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டிருந்தது. கட்டணம் வந்தபோதும் போனபோதும் முடிவு எடுத்த இடம் தாருஸ்ஸலாமிலிருந்து வெகு தொலைவில் இருந்தது.

இனி அந்தப் பத்து டாலர் கதை. சீர்திருத்தத் திட்டத்தில், கட்டணத்துக்கு ஈடாக ஒவ்வொரு மாணவனுக்கும் ஆண்டுக்குப் பத்து டாலர் பள்ளிக்கு நேராகப் போகும் என்று எழுதினார்கள். அதில் 40 விழுக்காடு பாடநூலுக்கு. அன்றைய மதிப்பில் பத்து டாலர் என்றால் ஏறக்குறைய பத்தாயிரம் ஷில்லிங். அந்த 'டாலர்' எப்போது மறைந்து 'பத்தாயிரம் ஷில்லிங்' மட்டும் நிலைத்தது என்பதை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. 2013 வாக்கில் அதன் மதிப்பு சுமார் ஆறேகால் டாலர். 2016இல் அதிபர் மகுஃபுலி பதினோராண்டுக் கல்வியையும் இலவசமாக்கியபோதும் தொடக்கப் பள்ளிக்கு அதே பத்தாயிரம்தான். அப்போது அது ஐந்து டாலரைத் தொடவில்லை. இதுவும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தால்தான். பல பள்ளிகளுக்கு வந்தது அதில் ஒரு பகுதி, அதுவும் தாமதமாக. தலைமையாசிரியர் செய்யக்கூடியது என்ன? மறுபடி 'மிச்சாங்கோ'.

இதை வெளியே சொன்ன ஹக்கிஎலிமு என்ற உள்நாட்டு அமைப்புக்கு 2005இல் கல்வி அமைச்சகம் தடை போட்டது. பள்ளிகளைப் பற்றி ஆய்வு செய்யக் கூடாது, வெளியிடக் கூடாது. அந்த அமைப்பின் பெயருக்குப் பொருள் கல்வி உரிமை. வெளிநாட்டில் வெற்றிக் கதையாகப் பேசப்படும் திட்டத்தில் உள்ளூர்க்காரன் ஓட்டையைக் காட்டினால், கொடுப்பவர் முகம் சுளிப்பாரோ என்ற பயம். உதவி செய்யும் கெடுதல்களில் நான் முதலாவதாக வைப்பது இதைத்தான். அரசாங்கம் கணக்குச் சொல்ல வேண்டிய ஆள் மாறிப்போகிறான். ஊரில் வரிசையில் நிற்கும் தகப்பனிடம் சொல்ல வேண்டிய கணக்கு, விமானத்தில் வந்திறங்கும் ஆய்வுக் குழுவிடம் போகிறது.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். படிக்கிறார்களா? இந்தக் கேள்வியைக் கேட்கும் முறை இந்தியாவிலிருந்து போனது. இங்கே பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் 'ஏசர்' கணக்கெடுப்பைப் பார்த்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் 'உவேசோ' தொடங்கினார்கள். திறன் என்று பொருள். தொண்டர்கள் வீடு வீடாகப் போய், இரண்டாம் வகுப்புப் பாட அளவில் ஒரு சின்னக் கதையை வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்துக்கு மூன்று பேரால்தான் சுவாஹிலிக் கதையை வாசிக்க முடிந்தது. ஆங்கிலக் கதை பத்துக்கு ஒருவரால். 2018இல் தான்சானியா புள்ளிவிவரச் சட்டத்தைத் திருத்தியது. அரசுக் கணக்கோடு முரண்படும் எண்ணை வெளியிட்டால் சிறை. மறு வருடம் அந்தப் பிரிவைத் தளர்த்தினார்கள்.

கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் 350 தான்சானியப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. சில பள்ளிகளுக்கு மாணவனுக்குப் பத்தாயிரம் ஷில்லிங் கூடுதலாகத் தந்தார்கள். அதே பத்தாயிரம், இந்த முறை ஒழுங்காகக் கைக்குப் போகும்படி. மதிப்பெண்ணில் மாற்றமே இல்லை. பள்ளிக்குப் பணம் வந்ததும் பெற்றோர் தங்கள் செலவைக் குறைத்துக்கொண்டது ஒரு காரணம். பணமும் வந்து, பிள்ளை கற்றால் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை என்ற ஏற்பாடும் சேர்ந்த இடத்தில்தான் பலன் தெரிந்தது. பக்கத்து நாடான கென்யாவில் அதற்கும் முன்பே மைக்கேல் கிரெமர் முதலானோர் செய்த ஆய்வில், இலவசப் பாடநூல்கள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே உதவின. மற்றவர்களால் அந்தப் புத்தகத்தை வாசிக்கவே முடியவில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது.

இங்கேதான் மொழிக்கு வருகிறேன். தான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளி முழுக்கச் சுவாஹிலி. ஏழாம் வகுப்பு முடிந்து உயர்நிலைக்குப் போன அன்று சுவாஹிலி தவிர எல்லாப் பாடமும் ஆங்கிலம். 1982இல் மக்வேட்டா தலைமையிலான அதிபர் ஆணையம், 1985 முதல் உயர்நிலைப் பள்ளியையும் சுவாஹிலிக்கு மாற்றச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. 1984இல் பிரிட்டிஷ் உதவியுடன் வந்த கிரிப்பர், டாட் என்ற இரு வல்லுநர்கள், ஆங்கில வழியில் படிக்கும் மாணவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மொழியில் பாடத்தைப் பின்தொடரும் அளவுக்குத் தேர்ச்சி இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அந்த மொழியை விட்டுவிடலாம் என்பது அவர்கள் பரிந்துரை அல்ல. ஆங்கிலத்தைப் பலப்படுத்த வேண்டும் என்பதே பரிந்துரை. அதற்கும் பிரிட்டிஷ் உதவித் திட்டம் வந்தது. எளிய ஆங்கில வாசிப்பு நூல்கள் பெட்டி பெட்டியாக வந்தன. நோயைச் சரியாகப் பார்த்துவிட்டு, தன் கடையில் இருக்கும் மருந்தை எழுதிக்கொடுத்த வைத்தியர்கள்.

பழியை மொத்தமாக பிரிட்டன் மேல் போடவும் முடியாது. நைரேரேயே அந்த ஆண்டு ஆங்கிலத்தை உலகத்தின் சுவாஹிலி என்று சொல்லி, அதை விடக் கூடாது என்றார். சீசரைச் சுவாஹிலி பேசவைத்தவர், வேதியியலுக்கு அது போதாது என்று நினைத்தாரா தெரியாது. பெற்றோரும் ஆங்கிலத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்பது தவறுமல்ல. நான் பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவன். முதல் மாதம் இயற்பியல் வகுப்பில் பேராசிரியர் ஏதோ கேட்க, பதில் தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. பதில் தமிழில் இருந்தது. "தமிழ் மீடியமாப்பா?" என்று பரிவோடுதான் கேட்டார். பதினேழு வயதில் எனக்கு வந்தது அங்கே பதினான்கு வயதில் வருகிறது. பலருக்கு அத்தோடு படிப்பு முடிந்தும்விடுகிறது. 2015இல் வெளியான கல்விக் கொள்கை உயர்நிலையிலும் சுவாஹிலிக்குக் கதவைத் திறந்தது. ஆங்கிலத்தைக் கைவிட்டது தான்சானியா என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. எந்த வகுப்பறையிலும் எதுவும் மாறவில்லை.

நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2015இல் முதல் இரண்டு வகுப்புகளின் பாடத்திட்டத்தைக் குறைத்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றுக்கே பெரும்பகுதி நேரத்தை ஒதுக்கினார்கள். கற்றல் மேம்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த மாற்றத்துக்கும் வெளிநாட்டுப் பணம் உதவியது. செய்தது என்னவோ கால அட்டவணையைத் திருத்தியதுதான். கருவுற்ற மாணவிகளைப் பள்ளியிலிருந்து நீக்கும் வழக்கத்தை 2017இல் மகுஃபுலி மேடையில் உரக்க அறிவித்தபோது, அடுத்த ஆண்டு உலக வங்கி 30 கோடி டாலர் கடனை நிறுத்திவைத்தது. அந்த நிபந்தனையை நான் குறைசொல்ல மாட்டேன். கடனைத் தராதீர்கள் என்று கேட்டவர்களில் தான்சானியர்களே இருந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான சிட்டோ கப்வே அப்படிக் கடிதம் எழுதிக் கொலை மிரட்டல்களைச் சந்தித்தார். மாணவிகள் மீதான தடை நீங்காமலே 2020 மார்ச்சில் 50 கோடி டாலராக அந்தக் கடன் ஒப்புதல் பெற்றது. தடை நீங்கியது 2021 நவம்பரில். மகுஃபுலி இறந்து, சாமியா சுலுஹு ஹசன் அதிபரான பிறகு.

2025 ஜூலையில் அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் இழுத்து மூடப்பட்டது. பிரிட்டனும் உதவித் தொகையைக் குறைத்துவருகிறது. பணம் நின்றால் தானாக எல்லாம் உள்ளூர் முடிவாகிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். நாற்பது வருடம் வேறொருவர் கேள்விக்குப் பதில் எழுதிப் பழகிய அமைச்சகம் மறுநாள் காலையே தன் கேள்வியை எழுதத் தொடங்கிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

2025இன் தொடக்கத்தில் சாமியா புதிய கல்விக் கொள்கையைத் தொடங்கிவைத்தார். கட்டாயக் கல்வி பத்து ஆண்டு. தொடக்கக் கல்வி ஏழு ஆண்டிலிருந்து ஆறாகக் குறைகிறது. உயர்நிலையில் ஆங்கிலம் அப்படியே தொடர்கிறது. அதாவது, அந்தப் பிள்ளை தன் மொழியில் படிக்கும் காலம் இனி ஒரு வருடம் குறைவு.